குசினி யன்னலுக்கு எதிரே

எங்கள் தொடர்மாடிக்குப் பெயின்ட் அடித்து முடிந்தபோது பராமரிப்புக் கணக்கில் கொஞ்சப் பணம் மிஞ்சியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற கட்டடம். கீழே கார்கள், மேலே ஐந்து மாடி, இருபது வீடுகள். மிஞ்சிய பணத்தில் பச்சையாக ஏதாவது செய்வோம் என்றதும் யாரும் மறுக்கவில்லை. எதைச் செய்வது என்பதில்தான் மூன்று கூட்டம் போனது.

நான்கு யோசனைகள் வந்தன. முகப்புச் சுவர் முழுக்கச் செடி வைப்பது. மொட்டை மாடியில் தோட்டம் போடுவது. பணத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்து அவரவர் பல்கனிக்குப் பூச்சாடி வாங்குவது. கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை திறந்து கிடக்கிற வெளியை, நாங்கள் ஏர்வெல் என்று சொல்வதை, ஒரு முற்றமாக மாற்றுவது. நாலையும் விசாரித்து எழுதித் தரும்படி என்னிடம் விட்டார்கள். பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே மாதிரிக் கட்டடங்களில் இதே கேள்வி எழும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் மனம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. போன வருடம் தை மாதத்தில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாலு மாதம் வீட்டோடு இருந்தார். பகலெல்லாம் அவருக்கு இடம் குசினி யன்னலோரக் கதிரை. எதிரே ஏர்வெல்லின் மறுபக்கச் சுவர். ஈரம் ஊறிக் கறுத்த சீமெந்து, நாலு கழிவுநீர்க் குழாய், துருப்பிடித்த ஏசி மெஷின் ஒன்று. யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீட்டில், நடு முற்றத்தில் மழை விழுவதைத் திண்ணையில் இருந்து பார்த்து வளர்ந்தவர் அவர்.

அந்த நாட்களில்தான் ரொஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கட்டுரையைத் தேடிப் படித்தேன். 1984-இல் வெளியானது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். வயது, பாலினம், புகைப்பழக்கம் என்று ஒத்துப்போகிறவர்களை 23 சோடிகளாகச் சேர்த்தார். ஒவ்வொரு சோடியிலும் ஒருவருடைய யன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் எடுத்தது. கடுமையான வலி மருந்தும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், அதைக் கொண்டு எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம், அந்த நோயாளிகள் மரத்தடிக்குப் போகவே இல்லை என்பது. படுத்த இடத்திலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு யோசனையிடமும் நான் கேட்டது இரண்டே கேள்வி. இதை யார், எந்த நேரத்தில், எங்கேயிருந்து பார்ப்பார்கள்? இப்போது ஆர்வமாக இருக்கிற ஆள் வீட்டை விற்றுவிட்டு கனடாவுக்குப் போய்விட்டால் இது உயிரோடு இருக்குமா?

முகப்புச் சுவர் யோசனை வந்ததற்குக் காரணம் ராஜகிரியவில் நிற்கிற கிளியர்பொயின்ட் கட்டடம். 40 மாடிக்கு மேல், மாடிக்கு மாடி சுற்றிவரச் செடித் தொட்டிகள், பாவித்த நீரைச் சுத்தப்படுத்திச் சொட்டு சொட்டாகப் பாய்ச்சும் ஏற்பாடு. கட்டடக் கலைஞர் மில்ரோய் பெரேரா வடிவமைத்தது. பார்க்க உண்மையிலேயே அழகாக இருக்கிறது. ஆனால் அங்கே தொட்டியின் பாரமும் நீர்க்குழாயும் பராமரிக்கிற ஆள் நடந்து போகிற வழியும் அத்திவாரத்துக்கு முன்பே கணக்கில் வந்துவிட்டன. அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இலை வாசலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்களுக்குக் காட்டப்பட்டது வேறு சாமான்: சுவரில் ஆணியடித்து மாட்டுகிற தட்டுகள், அதில் பைகள், பைக்குள் செடி, பின்னால் பம்ப்.

இந்தத் தட்டுச் சுவரில் வேருக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி மண்கலவை. பம்ப் நின்றால் இரண்டு மூன்று நாள் வெயிலே போதும். முன்பு நான் வேலை செய்த அலுவலகம் ஒன்றின் வரவேற்பறையில் இப்படி ஒரு சுவர் இருந்தது. 2022-இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் அது கருகியது. பிறகு அந்த இடத்தில் பிளாஸ்டிக் இலை வைத்தார்கள். எங்கள் முகப்பு மேற்குப் பார்த்தது, கடல் உப்புக் காற்று நேரே அடிக்கும் பக்கம். உப்புத் தாங்கும் செடிகள் இல்லாமல் இல்லை. பூவரசு, தாழை, போகன்வில்லா, நித்தியகல்யாணி எல்லாம் தாங்கும். ஆனால் தட்டில் வைக்கக் காட்டிய படங்களில் இருந்தவை நிழலிலும் ஈரத்திலும் வளர்கிற மென்மையான இலைகள். விலையோ மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதைவிடக் கூட. இவ்வளவுக்கும் பிறகு, பார்ப்பவர்கள் ஒழுங்கையில் போகிறவர்கள். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது சுவரின் மறுபக்கம்.

ஒன்று சொல்லவேண்டும். மேற்குச் சுவரோரம் ஓரடி அகலத்துக்காவது மண் இருக்கிற கட்டடமாக இருந்தால், கம்பி கட்டி ரங்கூன் மல்லி மாதிரி ஒரு கொடியை ஏற்றிவிடுங்கள். வேர் நிலத்தில் இருப்பதால் பம்ப் தேவையில்லை. பின்னேர வெயில் சுவரில் விழாமல் இலையில் விழும். அந்த அறைக்குள் இரவில் சுவர் விடுகிற வெக்கை குறையும். எங்களுக்கு அந்த ஓரடியும் சீமெந்து.

மொட்டை மாடித் தோட்டத்துக்குத்தான் அதிகம் கை உயர்ந்தது. எனக்கும் ஆசை. தைப்பொங்கலுக்கு இருபது வீடும் ஒன்றாகப் பானை வைப்பது அங்கேதான். கடல் தெரியும், காற்று வரும், பிள்ளைகள் ஓடலாம். அப்புறம் மேல்மாடி அங்கிள் எழும்பினார். "தோட்டம் எல்லாருக்கும் தம்பி, ஒழுகுறது எனக்கு மட்டும்" என்றார். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் சொன்னது நூறு வீதம் நியாயம்.

கணக்கைப் பாருங்கள். ஆட்கள் ஏறி நடக்கிற மொட்டை மாடிக்குப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான் பாரம் வைத்துக் கட்டுவார்கள். நனைந்த மண் ஒரு கன மீட்டர் 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். ஒரு சதுர மீட்டரில் பத்துச் சென்ரிமீட்டர் உயரத்துக்கு மண் போட்டாலே 160 கிலோ தாண்டிவிடும். பத்துச் சென்ரிமீட்டரில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளரும், தேசி மரம் வளராது. தும்புத் தூள் கலந்தால் மண்ணைவிடக் கனம் குறையும், ஆனால் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள் என்பதை மறக்கக்கூடாது. தட்டையாகப் பரப்பாமல், தூண்களுக்கு மேலும் பீம் ஓடுகிற கோட்டிலும் மட்டும் பெரிய சாடிகளை வைப்பதே புத்தி. அது எங்கே ஓடுகிறது என்பதற்குக் கட்டட வரைபடமும் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரும் வேண்டும். தோட்டம் போட்டுக் கொடுக்கிறவர் சொல்வதை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள்.

பிறகு மழை. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் 2,400 லீட்டர் விழுகிறது என்று அர்த்தம். ஒக்ரோபர், நவம்பர் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழையில் ஒரு வடிகால் வாயை நாலு இலை அடைத்தால் போதும், மாடி குளமாகிவிடும். நீர்க்காப்புப் பூச்சு புதிதாக இருந்தால்கூட சாடிக்கு அடியில் எப்போதும் ஈரம் நின்றால் அதன் ஆயுள் குறையும். ஆகவே சாடிகளைச் சின்னக் கால்களில் உயர்த்தி வைக்கவேண்டும். கிழமைக்கொருமுறை வடிகால் வாயைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

இத்தனையும் சமாளிக்கலாம். எனக்கு இடித்தது வேறொன்று. எங்கள் லிப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் செங்குத்தான படி. அம்மா ஏற முடியாது, மூன்றாம் மாடி அன்ரியும் ஏற முடியாது, கைக்குழந்தைக்காரிக்கும் கஷ்டம். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் இவர்கள்தான். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, கிழமைக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழிக்கிறவர்கள் தங்கள் உடல்நிலையும் மனநிலையும் நல்லது என்று சொல்லும் வாய்ப்பு அதிகம் எனக் கண்டது. மாடித் தோட்டத்துக்கு ஆதரவாக அதைத்தான் காட்டினார்கள். அந்த ஆய்வில் சொந்தத் தோட்டத்தில் இருந்த நேரம் சேர்க்கப்படவில்லை, வெளியே போன நேரம் மட்டும்தான். அதோடு, நண்பகலில் நிழலில்லாத மாடியில் பத்து நிமிடம்கூட யாரும் நிற்கப் போவதில்லை. பந்தல் இல்லாத மாடித் தோட்டம் காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும் மட்டுமான தோட்டம்.

வீட்டுக்கு வீடு பூச்சாடி என்பதில் அதிகம் பேச எதுவுமில்லை. செடியைத் தொட்டு வளர்க்கிற சந்தோசம் மற்ற எதிலும் கிடைக்காது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு சாடியில் கற்பூரவள்ளி, ஒரு சாடியில் துளசி எல்லா வீட்டிலும் ஏற்கனவே இருக்கிறது. 2022-இல் சாப்பாட்டுத் தட்டுப்பாடு வந்தபோது அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அப்போது எங்கள் பல்கனிகள் எல்லாம் மிளகாயும் தக்காளியுமாக நின்றன. ஒரு வருடத்தில் பாதி காய்ந்துவிட்டது. வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிற கட்டடத்தில் பொதுப்பணத்தை இப்படிப் பிரிப்பது சரியாக எனக்குப் படவில்லை.

பூச்சாடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று ஒருவர் சொன்னதால் இதையும் எழுதவேண்டியிருக்கிறது. 1989-இல் நாசா செய்த சோதனை மூடி அடைத்த சின்னப் பெட்டிக்குள் நடந்தது. யன்னல் திறக்கிற வீட்டுக்கு அது பொருந்தாது. 2019-இல் இந்தச் சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்வதைச் செடியால் செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டியிருக்கும் என்றார்கள், அதுவும் மிகக் குறைந்த கணக்கில். செடி கண்ணுக்கும் மனதுக்கும். காற்றுக்கு யன்னலைத் திறவுங்கள்.

இனி நுளம்பு. எந்த யோசனையைக் கையில் எடுத்தாலும் இதைக் கடக்காமல் போகமுடியாது. 2017-இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாகாணத்தில்தான் அதிகம். எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் வராத கட்டடம் அந்த வருடம் இருக்கவில்லை. கூட்டத்தில் "பச்சை வேணாம், நுளம்புதான் வரும்" என்று சொன்ன ஒரு தாயின் மகன் அப்போது ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தவன். அவருடைய பயத்தை யாரும் லேசாக எடுக்கக்கூடாது.

டெங்கு நுளம்புக்குத் தேவை செடியல்ல, தேங்கிய தெளிந்த நீர். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள். ஆகவே கிழமைக்கு ஒருநாள், எப்போதும் ஒரே நாளில், எல்லா நீர்த்தேக்கத்தையும் கொட்டிவிட்டால் வட்டம் அறுந்துவிடும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். இன்னும் நல்லது, சாடிக்கு அடித்தட்டே வைக்காமல் விடுவது. இலைக்கவட்டில் நீர் தேங்கும் அன்னாசிக் குடும்பத்து அழகுச் செடிகளை வாங்கவே வேண்டாம். வாளி, பீப்பா எதற்கும் வலை மூடி. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம்கொடுத்தால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் மேல் வழக்கு வரும். பொது இடம் என்றால் எங்கள் குழுவின் மேல். இந்தக் கண்ணோடு பார்த்தால், நீர் தேங்கக்கூடிய இடம் இருபது பல்கனியில் சிதறிக் கிடப்பதைவிட ஒரே இடத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பது நல்லது. ஏர்வெல்லின் அடித்தளத்தில் இப்போதே மழைநீர் நிற்கிறது, பிளாஸ்டிக் பைக்குள்ளும் உடைந்த பேசினுக்குள்ளும். பச்சை இல்லாமலே நுளம்பு அங்கே இருக்கிறது.

எங்கள் ஏர்வெல் நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர். எல்லா வீட்டுக் குசினியும் அதைப் பார்த்துத்தான் திறக்கிறது. அரிசி களைகிறபோது, தேங்காய் துருவுகிறபோது, இரவு கடைசியாகப் பாத்திரம் கழுவுகிறபோது கண் போகிற இடம். நாளுக்கு இரண்டு மூன்று மணிநேரம். இந்த நான்கில், யாரும் எழுந்து போகாமலே இருபது வீட்டுக்கும் கிடைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

வீட்டுக்கு நடுவே வானத்தை விட்டுவைப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. வடக்கின் நாற்சார் வீடு அதுதான். சிங்களக் கிராமத்து வளவு வீட்டிலும் நடு முற்றம் உண்டு. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அதை நகரத்து நெருக்கத்துக்குள் செய்து காட்டினார். பகதலே வீதிப் பக்கத்தில் 33ஆவது ஒழுங்கையில், 1958 அளவில் தொடங்கி, வரிசையாக நின்ற நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகக் கைக்கு எடுத்து ஒரே வீடாக்கினார். பாதி அறைகளுக்கு வெளிப்பக்கமே இல்லை. அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டு ஒரு செடி, கொஞ்சம் நீர், மேலே வானம் என்று வைத்தார். இன்றும் அனுமதி பெற்றுப் போய்ப் பார்க்கலாம். எவ்வளவு சின்ன இடம் போதும் என்பதை அங்கே நின்றால் உடம்பே சொல்லும்.

பாவாவின் முற்றங்கள் ஓரிரு மாடி ஆழம். எங்களுடையது ஆறு. வெளிச்சம் போதுமா என்பதுதான் இந்த யோசனையின் பெரிய சிக்கல், அதற்கு விடை எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. மாசியில் ஐந்தாம் மாடிச் சுவரோடு நின்ற நண்பகல் வெயில், பங்குனியில் எங்கள் மூன்றாம் மாடி யன்னல்வரை இறங்கியது, சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை அடித்தளத்தைத் தொட்டது, பிறகு மேலே ஏறிவிட்டது என்று அவர் சொன்னார். கதிரையில் இருந்த மாதங்களில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மற்ற மாதங்களில் சாய்ந்து, மேல்மாடிகளோடு நின்றுவிடும். ஆகவே கீழே வைக்கவேண்டியது நிழல் விரும்பிகள்: பன்னம், மருள், மணி பிளான்ட், ரம்பை. மணி பிளான்டைத் தடித்த தும்புக் கயிற்றில் ஏற்றிவிட்டால் மாடிக்கு மாடி போகும், ஏற ஏற இலையும் பெரிதாகும். நாலாம், ஐந்தாம் மாடி யன்னல் விளிம்புகளில் கறிவேப்பிலை, கற்பூரவள்ளி.

செடிக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள்தான் இதில் பணம் தின்னும். மேலே யாரோ ஒரு காலத்தில் போட்ட பிளாஸ்டிக் தகட்டுக் கூரையைக் கழற்றவேண்டும். அது இருப்பதால்தான் ஏசி மெஷின்களின் சூடும் குசினிப் புகையும் வெளியேறாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. திறந்துவிட்டால் சூடான காற்று தானே மேலே போய், கீழிருந்து புதுக்காற்றை இழுக்கும். சுவர்கள் நாலையும் வெள்ளையாக அடிக்கவேண்டும். கறுத்த சுவர் விழுங்குகிற வெளிச்சத்தை வெள்ளைச் சுவர் கீழே தள்ளிவிடும், இரண்டாம் மாடிக் குசினிகளுக்குப் பகலில் லைட் போடாமலே சமைக்க முடியும் என்று நம்புகிறேன். அடித்தளத்துக்குச் சரிவு கொடுத்துப் புது வடிகால். யன்னல்களுக்கு மேல் மழை அடிக்காமல் சின்ன மறைப்பு. ஏசியிலிருந்து சொட்டுகிற நீரையெல்லாம் ஒரு குழாயில் சேர்த்து வலை மூடிய பீப்பாவுக்கு விடலாம். கொழும்பின் ஈரக்காற்றில் ஒரு மெஷின் இரவு முழுக்க ஓடினால் ஒரு வாளி நீர் வரும். செடிக்கு நல்ல நீர் அது. பம்ப் இல்லை. மின்சாரம் போனாலும் ஒன்றும் சாகாது.

குறையும் இருக்கிறது. பூக்கள் அதிகம் வராது. யாரும் அங்கே போய் உட்கார முடியாது. குழாய் வேலை வந்தால் செடியை ஒதுக்கவேண்டும். மாடியிலிருந்து குப்பை எறிகிற பழக்கம் ஒரு நாளில் நிற்காது. முன் வாசலில் ஒன்றுமே மாறாததால் வீட்டு விலை கூடாது என்று இரண்டு உரிமையாளர்கள் சொன்னார்கள், அவர்கள் கணக்கில் அது சரி.

நான் எழுதிக் கொடுத்த சிபாரிசு இதுதான்: பணத்தின் பெரும்பகுதி ஏர்வெல்லுக்கு. மிச்சத்தில் மொட்டை மாடிக்கு எஞ்சினியரின் அறிக்கையும் படி ஏறுமிடத்தில் ஒரு கைப்பிடியும், தோட்டம் அடுத்த வருடம், பந்தலோடு. முகப்புச் சுவர் வேண்டாம். பூச்சாடி அவரவர் விருப்பம். இருபதில் பதினான்கு வீடுகள் ஒத்துக்கொண்டன. மேல்மாடி அங்கிள் முதலில் கை உயர்த்தினார்.

அறிக்கையில் சேர்க்காத ஐந்தாவது ஆசை ஒன்றும் எனக்கு இருக்கிறது, முன்வாசல் சீமெந்தை ஒரு கார் அளவுக்கு உடைத்து ஒரு பூவரசு நடுவது. நகரக் காடு வளர்ப்பை ஆராய்கிற சிசில் கோனைனென்டைக் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு: வீட்டிலிருந்து 3 மரம் தெரியவேண்டும், அயலில் 30 வீதம் மரநிழல் இருக்கவேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்கவேண்டும். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு 2018-இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது பெருமைதான். ஆனால் அந்தப் பச்சை பெத்தகானையிலும் தலவத்துகொடைப் பக்கமும் இருக்கிறது, எங்கள் யன்னலிலிருந்து ஒரு மரமும் தெரியாது. கார் நிறுத்துமிடம் யாருடையது என்ற கேள்வி வந்ததால் அதை இப்போதைக்கு விட்டிருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

தகட்டுக் கூரை கழற்றுவதும் வடிகாலும் தை, மாசி மழை குறைந்த நாட்களில். செடி பங்குனியில். எந்த மாடியில் எது என்று ஒரு கொப்பித் தாளில் அம்மா படம் வரைந்து தந்திருக்கிறார். ரம்பைக்கு அவர் குறித்த மூலையில் இப்போது பழைய சைக்கிள் இரண்டு நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர் இந்த மாத முடிவுக்குள் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.